எஞ்சிய மூச்சின் கணக்கு: சுழியோடும் தொழிலிற் காற்றின் அளவு யார் கையில் இருந்தது என்பது பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

நீரினடியில் உழைக்கும் மனிதன் எதனைத் தேடிச் சென்றாலும், முத்தாயினும் சங்காயினும் மூழ்கிய கப்பலின் பீரங்கியாயினும், அவனது வேலைநேரத்தைத் தீர்மானிப்பது அவனிடம் எஞ்சியிருக்கும் காற்றேயாகும். நிலத்தில் உழைப்பவனின் வேலைநாளை முதலிற் சூரியனும் பின்னர் ஆலைச் சங்கும் அளந்தன. சுழியோடியின் வேலைநாளை மூச்சு அளந்தது. ஆதலின், எஞ்சிய காற்று எவ்வளவு என்பதை அறிவதற்கு மனிதர் கையாண்ட வழிகளின் வரலாறு கருவிகளின் வரலாறாக மட்டும் இருத்தல் இயலாது. அவ்வளவை அறிந்தவர் யார், அறிந்ததும் வேலையை நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாக்கள் அதனுடன் பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளன. இக்கட்டுரை அவ்விரு வினாக்களையும் முன்வைத்துச் சில வரலாற்றுச் சான்றுகளை நோக்க முயல்கிறது.

முதலிற் கணக்கின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுதல் பொருந்தும். 12 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டர் ஒன்றை 200 வளிமண்டல அமுக்கத்திற்கு நிரப்பினால் ஏறத்தாழ 2400 லீற்றர் காற்று அதனுள் அடங்கும். நிலத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு அது 120 நிமிடங்களுக்குப் போதும். ஆயின் 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காகின்றது. 20 மீற்றரில் மும்மடங்காகின்றது. 20 மீற்றரில் அதே மனிதர் நிமிடத்துக்கு 60 லீற்றர் காற்றைச் செலவிடுவார். 120 நிமிடங்கள் 40 நிமிடங்களாகின்றன. மேலே வருவதற்கென 50 வளிமண்டல அமுக்கத்தை ஒதுக்கி வைத்தால் எஞ்சுவது 30 நிமிடங்களே.

இக்கணக்குத் தெளிந்த நீரில் இருப்பவருக்குரியது. கலங்கிய நீரில் நிலைமை வேறு. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத சேற்றுநீரில் மானியின் முள்ளும் தெரியாது. ஆழம் எவ்வளவு என்பது ஐயத்துக்குரியதாகின்றது. சென்ற நேரம் எவ்வளவு என்னும் உணர்வு பிறழ்கின்றது. அச்சமும் கடும் உழைப்பும் மூச்சை விரைவுபடுத்துவதால் நிமிடத்துக்கு 20 லீற்றர் என்னும் அடிப்படை எண்ணே பிழைத்துவிடுகின்றது. அளவு மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே அளவு காணாமற் போகின்றது. இம்முரண்பாட்டைப் பல்வேறு சமூகங்கள் எங்ஙனம் எதிர்கொண்டன என்பதே நமது ஆய்வுப்பொருள்.

நீர்மூழ்கற் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாக அதனைப் புனைதிறனாளர் சிலரின் பெயர்வரிசையாகவே காண்பர். ஒருவர் தலைக்கவசம் செய்தார், இன்னொருவர் சீராக்கி செய்தார், ஆபத்துப் படிப்படியாகக் குறைந்தது என்பதே அவர்கள் கூறும் கதை. இக்கதையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கருவி தோன்றிய காலத்துக்கும், அது உழைப்பவனின் கையை அடைந்த காலத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இக்கதை மறைத்துவிடுகின்றது. சில இடங்களில் அத்தூரம் இன்றும் கடக்கப்படவில்லை.

2

கருவிகளுக்கு முற்பட்ட நிலைக்கு நமது கடலே சிறந்த சான்றாகும். கொற்கை முத்தின் சிறப்புச் சங்கச் செய்யுட்களிற் பலவிடத்தும் பேசப்படுகின்றது. முத்தின் ஒளியும், அது மன்னர்க்கும் மகளிர்க்கும் அணியாகும் பெருமையும் விரிவாகப் பாடப்பட்டுள்ள அளவுக்கு அதனை எடுத்தவனின் மூச்சுப் பாடப்படவில்லை. கி. பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் 'பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டியருக்குரிய கொற்கையில் முத்துக்குளிப்புத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டதாகக் குறிப்பிடுகின்றது. வணிகன் ஒருவன் தன் தேவைக்கென எழுதிய இவ்வொரு குறிப்பு, முத்து எவ்வகை உழைப்பின் விளைவு என்பதை நமக்கு உணர்த்துகின்றது. மூச்சின் கணக்குப் பிழைத்தால் இழப்பு யாருக்கு என்பதை அரசு முன்னரே தீர்மானித்துவிட்டது.

மன்னார்க் குடாவின் இலங்கைப் பக்கத்தில், அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் நடைபெற்ற குளிப்புப் பற்றி ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலிருந்தே விரிவான எழுத்துச் சான்றுகள் உண்டு. 1807இல் வெளிவந்த ஜேம்ஸ் கோர்டினரின் நூல் அவற்றுள் ஒன்று. ஒரு தோணியில் 5 கற்களும் 10 குளிகாரரும் இருந்தனர். ஒரு கல்லுக்கு இருவர் வீதம் மாறிமாறி மூழ்கினர். கல்லின் பாரத்தால் அடியை அடைந்தவன், சிப்பிகளைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவர் கூடையையும் அவனையும் இழுப்பர். மூழ்கியிருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடமளவே. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று பயணிகள் எழுதியவை வியப்புச் சுவைக்காக எழுதப்பட்டவை.

இவ்வமைப்பில் எஞ்சிய காற்றின் அளவு எங்கே இருந்தது? அது இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று குளிகாரனின் உடல். நெஞ்சின் இறுக்கமும், மூச்செடுக்க எழும் அடக்கமுடியாத உந்துதலுமே அவனது மானி. அவ்வுந்துதல் ஒட்சிசன் குறைவதனாலன்றி, முதன்மையாகக் காபனீரொட்சைட்டுக் கூடுவதனால் எழுவது என்பதைப் பிற்கால உடற்றொழிலியல் விளக்கிற்று. அனுபவம் வாய்ந்தவன் அதனைப் பெயரிடாமலே அறிந்திருந்தான். மற்றது கயிறு பிடித்தவரின் கை. நீர் கலங்கியிருந்தபோதும், கீழிருந்து வரும் அசைவுக்கும் அசைவின்மைக்கும் அவர் பொருள் கண்டார். குறித்த நேரத்தில் அசைவு வராவிடின் அதுவும் ஒரு செய்தியே. கண்ணை நம்பாத ஒரு முறைமை இது. ஆதலாற் கலங்கல் நீர் அதனை அதிகம் பாதிக்கவில்லை.

குளிகாரனின் கயிற்றை அவனது மைத்துனன் பிடிப்பதே வழக்கம் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படுவதுண்டு. தன் சகோதரி தாலியிழப்பதை எவனும் விரும்பான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். இவ்வழக்கு எவ்வளவு பரவலாக நின்றது என்பது கள ஆய்வுக்குரியது. ஆயினும் அது வெளிப்படுத்தும் சமூகச் சிந்தனை தெளிவானது. சட்டமோ கூலி ஒப்பந்தமோ காக்காத உயிரைக் காப்பதற்கு அச்சமூகம் உறவுமுறையைப் பயன்படுத்தியுள்ளது. மச்சான் என்ற உறவு இங்கே வெறும் பாச உறவன்று. உற்பத்தியில் இடம்பெறும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுமாகும்.

எனினும் இவ்வேற்பாட்டின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. எந்த மூழ்கலை எப்பொழுது முடிப்பது என்பதைக் குளிகாரனும் கயிறு பிடித்தவரும் தீர்மானித்தனர். நாளொன்றில் எத்தனை முறை மூழ்குவது, எந்தப் பாரில் மூழ்குவது, எடுத்ததில் யாருக்கு எவ்வளவு என்பவற்றை அரசு தீர்மானித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவருக்கும் உரியதாயிற்று. 1906இற் பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு 20 ஆண்டுக் குத்தகையாக லண்டன் கம்பனியொன்றின் கைக்குச் சென்றன. அவ்வாண்டு மறிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய இளம் அதிகாரிகளுள் லெனார்ட் வுல்ப் ஒருவர். குத்தகைப் பத்திரத்தில் வாடகை ரூபாவிற் கணக்கிடப்பட்டது. குளிகாரனின் பங்கோ அவனது மூச்சின் எண்ணிக்கையைப் பொறுத்திருந்தது. மூச்சைக் குறைத்தாற் பங்கும் குறையும். உடல் தரும் எச்சரிக்கையை மீறுமாறு அவனைத் தூண்டியது இந்தப் பங்கு முறையேயாகும்.

3

ஐரோப்பாவிற் கைத்தொழிற் புரட்சியுடன் நீர்மூழ்கலின் இயல்பு மாறிற்று. துறைமுகம், பாலம், சுரங்கம், மூழ்கிய கப்பல் ஆகியவை நிமிடக் கணக்கிலன்றி மணிக்கணக்கில் நீரடி வேலையை வேண்டின. ஓகஸ்டஸ் சீபே செய்த மூடிய தலைக்கவச உடை இத்தேவையின் விளைவு. 1782இல் ஸ்பிட்ஹெட் நங்கூரத்துறையில் மூழ்கிய 'றோயல் ஜோர்ஜ்' போர்க்கப்பலின் சிதைவை 1839 முதல் 1843 வரை கேணல் பாஸ்லியின் தலைமையிற் பிரித்தானியப் படைப் பொறியியலாளர் அகற்றியபோது அவ்வுடை பெருமளவிற் சோதிக்கப்பட்டது.

இவ்வமைப்பிற் காற்றுக்கு முடிவு இல்லை. மேலே படகில் இருவரோ நால்வரோ பம்பியைச் சுழற்றும் வரை காற்று வரும். ஆகவே 'எஞ்சிய காற்று' என்னும் வினா தற்காலிகமாக மறைந்தது; மாறாகப் பம்பியைச் சுழற்றுவோரின் உடல்வலுவும் கவனமும் காற்றின் அளவாகின. கையாற் சுழற்றப்பட்ட அச்சக்கரத்தில் ஒரு தொழிலாளியின் மூச்சு இன்னொரு தொழிலாளியின் கைத்தசையைச் சார்ந்திருந்தது. கயிறும் மறையவில்லை. ஓர் இழுப்பு, இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு என்னும் சைகை மொழி மன்னாரில் இருந்தது போலவே ஸ்பிட்ஹெட் சேற்றிலும் தொடர்ந்தது.

காற்றை முதுகில் எடுத்துச் செல்லும் எண்ணம் சுரங்கத்திலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பிரான்சின் சுரங்கப் பொறியியலாளரான பெனுவா ருக்கெய்ரோல், நச்சுவாயு நிறைந்த சுரங்கத்தினுள் மீட்பர் செல்வதற்கென 1860இல் ஒரு சீராக்கிக்கு உரிமம் பெற்றார். 1864இற் கடற்படை அதிகாரி ஒகுஸ்ட் தெனெய்ரூசுடன் சேர்ந்து அதனை நீருக்கு ஏற்றவாறு மாற்றினார். காற்று மேலிருந்து குழாய் வழியாக முதுகுக் கொள்கலத்துக்கு வந்தது. தேவைப்படின் குழாயைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் இயங்கலாம். அச்சில நிமிடங்கள் எத்தனை என்னும் வினாவுடன் எஞ்சிய காற்றின் கணக்கு மீண்டும் தோன்றியது.

4

அவ்வினாவின் கூர்மையைப் பிரித்தானியாவின் செவேர்ன் சுரங்க நிகழ்ச்சி காட்டுகின்றது. கிரேட் வெஸ்டேர்ன் ரயில்வே கம்பனிக்காக 1873இல் ஆற்றின்கீழ்த் தோண்டத் தொடங்கிய இச்சுரங்கத்தில், 1879 அக்டோபரிற் பெருநீரூற்று ஒன்று உடைத்துப் பாய்ந்தது. தப்பி ஓடிய தொழிலாளர் இரும்புக் கதவொன்றை மூடாது விட்டனர். அக்கதவை மூடினாலன்றி நீரை இறைத்து முடித்தல் இயலாது. கதவோ நிலக்குழியிலிருந்து ஏறத்தாழ 1000 அடி உள்ளே, முழு இருளில், கைவிடப்பட்ட கருவிகளும் வண்டிகளும் கிடந்த ஒடுங்கிய வழியின் முடிவில் இருந்தது.

அலெக்சாந்தர் லாம்பேர்ட் என்னும் சுழியோடி முதலிற் காற்றுக்குழாயுடன் சென்றார். நீண்ட குழாய் மிதந்து சுரங்கக் கூரையில் உராய்ந்தது. வேறு சுழியோடிகள் இடையில் நின்று குழாயை நகர்த்திக் கொடுத்தும், கதவை அண்மித்த இடத்திலிருந்து அவர் திரும்ப நேர்ந்தது. பின்னர் 1880 நவம்பரில், ஹென்றி புளூஸ் அண்மையில் ஆக்கியிருந்த ஒட்சிசன் சுவாசக் கருவியுடன் சென்றார். முதுகுக் கொள்கலத்தில் அமுக்கப்பட்ட ஒட்சிசன். வெளிவிடும் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதற்குக் காரம் தோய்த்த கயிற்றுநார். மேலேயிருந்து காற்று இல்லை. கருவி இத்தனை நேரம் தாங்கும் என்னும் ஆக்கியோனின் சொல்லே அளவு. மானி இருந்திருப்பினும் அவ்விருளில் அதனை வாசித்தல் இயலாது. ஒரு பயணத்தில் வழியிலிருந்த தண்டவாளத்தைப் பெயர்த்தார். அடுத்த பயணத்திற் கதவை மூடினார். வால்வு ஒன்றையும் கூறப்பட்ட எண்ணிக்கைப்படி திருகினார்.

பின்னர் நீர் இறைக்கப்பட்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அவ்வால்வு இடப்புரிக்கொண்டது, அது முன்னரே மூடப்பட்டிருந்தது. லாம்பேர்ட் மூடுவதாக எண்ணித் திருகியபோது உண்மையில் அதனைத் திறந்துவிட்டார். ஒப்பந்தகாரர் தோமஸ் வாக்கர் பிற்காலத்தில் எழுதிய நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது. இருளில் வேலை செய்தவனின் கை பிழைக்கவில்லை. மேலே இருந்து கொடுக்கப்பட்ட தகவலே பிழைத்தது. கலங்கல் நீரில் உழைப்பவன் தன் கண்ணுக்குப் பதிலாகப் பிறர் கூற்றை நம்பவேண்டியிருக்கின்றது. அக்கூற்றுக்கு யார் பொறுப்பு என்னும் வினா அங்கு பிறக்கின்றது.

5

அமுக்கமானியின் வரலாறு இதனினும் சுவையானது. இன்றைய சுழியோடியின் மானிக்கு அடிப்படையான வளைகுழாயை 1849இற் பாரிஸ் பொறியியலாளர் யூஜேன் புர்டோன் உரிமம் பெற்றார். அது நீராவி இயந்திரத்திற்காகச் செய்யப்பட்டது. கொதிகலன் வெடித்தால் ஆலையும் அழியும், தொழிலாளரும் மடிவர். எனவே கொதிகலனுக்கு மானி கிடைத்தது. அதே மானி சுழியோடியின் சிலிண்டரில் வழக்கமான உறுப்பாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இதற்குத் தொழினுட்ப இயலாமை மட்டும் காரணமன்று. 1926இற் பிரெஞ்சுக் கடற்படையினரான இவ் லெ பிரியர், மொரிஸ் பெர்னேசுடன் இணைந்து ஆக்கிய அமுக்கக் காற்றுக் கருவியிற் சிலிண்டரின் அமுக்கத்தைக் காட்டும் மானி இருந்தது. 1943இல், ஜேர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பிரான்சில், ஜாக் கூஸ்தோவும் 'எயர் லிக்கிட்' கம்பனியின் பொறியியலாளர் எமில் காஞ்ஞானும் ஆக்கிய 'அக்வாலங்' பெரும் முன்னேற்றமாயிற்று. பெற்றோல் பறிக்கப்பட்ட காலத்தில் வாயுவால் ஓடிய மோட்டார் வண்டிகளுக்கென அமைந்த சீராக்கியே அதற்கு மூலம். சுவாசத்துக்கு ஏற்பக் காற்று தானே வந்தது. ஆயினும் பரவலாக விற்பனையான ஆரம்பக் கருவிகளில் மானி வழக்கமான உறுப்பாக இருக்கவில்லை.

மானிக்குப் பதிலாக வந்தது ஒதுக்கு வால்வு. சிலிண்டரின் அமுக்கம் ஏறத்தாழ 20 முதல் 35 வளிமண்டலம் வரையிற் குறைந்ததும் வில்லொன்று வழியை அடைக்கும். மூச்சு இழுத்தல் கடினமாகும். சுழியோடி கம்பியைக் கீழிழுத்தால் எஞ்சிய காற்றுத் திறக்கும். கலங்கல் நீரில் இது மிகப் பொருத்தமானது, ஏனெனிற் கண்ணுக்கு வேலையில்லை. எச்சரிக்கை நெஞ்சிலேயே உணரப்படுகின்றது. குளிகாரனின் உடல்மானியை இயந்திரத்தின் உதவியுடன் மீளப் படைத்தது போன்றது இது. ஆயின் அதன் குறையும் இருளிலேயே வெளிப்படும். கம்பி எங்கேனும் சிக்கி முன்னரே இழுபட்டிருந்தால் ஒதுக்கு ஏற்கெனவே செலவாகியிருக்கும். மூச்சுக் கடினமாகும்போது கை தேடிச் செல்லும் கம்பி தாழ்ந்தே இருக்கும். எச்சரிக்கை வந்த கணமே முடிவும் ஆகும். 1960களிலும் 1970களிலும் நீருள் வாசிக்கத்தக்க அமுக்கமானி பரவியபோது ஒதுக்கு வால்வு படிப்படியாக வழக்கொழிந்தது.

மானி பரவியதும் இருளின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஒளிரும் முள்ளையும் முகக்கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தே வாசிக்க வேண்டியுள்ளது. சேறு மிகுந்தால் அதுவும் கைகூடாது. எனவே இருளில் இயங்குவோர் மானியை மட்டும் நம்பாத விதிகளை வகுத்தனர். அமெரிக்காவின் புளோரிடாக் குகைகளில் மாண்டோரின் நிகழ்வுகளை ஆராய்ந்து ஷெக் எக்ஸ்லி 1979இல் வெளியிட்ட சிறுநூல் இவ்வகையில் முக்கியமானது. வாயில் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு வேண்டும். காற்றில் மூன்றிலொரு பங்கை உள்ளே செல்லவும், ஒரு பங்கை மீளவும் பயன்படுத்தி, ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். அவ்வொதுக்குப் பங்கு தனக்கு மட்டும் உரியதன்று. தோழனின் காற்று முற்றாக அற்றுப்போனால் இருவரும் அதனைச் சுவாசித்து வெளியேற வேண்டும். ஒருவன் முதுகில் இருக்கும் காற்றில் இன்னொருவனுக்குப் பங்கு உண்டென்பதை இவ்விதி கணக்காகவே எழுதிவைத்தது.

சேற்று ஆறுகளிலும் துறைமுகங்களிலும் தேடுதல் செய்யும் பொலிசுச் சுழியோடிகளிடையே கயிறு மீண்டும் வந்துவிட்டது. கரையில் நிற்பவர் கயிற்றைப் பிடித்து, இறங்கிய நேரத்தைக் குறித்து, நேரம் ஆனதும் மேலே அழைக்கிறார். கயிற்றை மறுத்து மானி வந்தது. மானியின் எல்லையை உணர்ந்த இடத்திற் கயிறு மானியுடன் சேர்ந்து உயர்ந்த நிலையில் மீண்டது. இயங்கியல் கூறும் நிலைமறுப்பின் நிலைமறுப்புக்கு இதனை ஓர் எளிய உதாரணமாகக் கொள்ளலாம்.

6

இதுவரை அளவைப் பற்றிய அறிவு அரசிடமோ, கம்பனியிடமோ, புனைதிறனாளரிடமோ இருந்தமையைக் கண்டோம். உழைக்கும் மக்களின் அமைப்புகளே அவ்வறிவைக் கோரிய நிகழ்ச்சியொன்று இங்கு மனங்கொள்ளத்தக்கது. அது சுழியோடிகளைப் பற்றியதன்று. ஆயினும் எஞ்சிய காற்றே அதன் மையம்.

1939 ஜூன் 1ஆம் நாள் 'தீட்டிஸ்' என்னும் பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவிற் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கியது. அதிலிருந்தோர் 103 பேர்; அவருட் பலர் கப்பல்கட்டும் தளத்துத் தொழிலாளர். டோர்பிடோக் குழாயினுள் நீர் உண்டா என்பதைக் காட்டும் சிறுதுளை வர்ணப்பூச்சால் அடைபட்டிருந்தது. துளையில் நீர் வராமையால் குழாய் வெறுமை எனக் கொண்டு கதவு திறக்கப்பட்டது; வெளிக்கதவும் திறந்திருந்தமையாற் கடல் உள்ளே பாய்ந்தது. மறுநாட் காலையிற் கப்பலின் பின்புறம் நீருக்கு மேலே தெரிந்தபோதும் நால்வரே தப்பினர். மற்ற 99 பேரும் மாண்டனர். வழக்கமான எண்ணிக்கையின் ஏறத்தாழ இருமடங்கினர் சுவாசித்த காற்றிற் காபனீரொட்சைட்டு விரைந்து கூடியமை இதற்கு முதன்மைக் காரணம்.

மாண்ட தொழிலாளரின் சங்கங்கள் ஜே. பி. எஸ். ஹால்டேனை நாடின. சுழியோடிகள் எவ்வளவு படிப்படியாக மேலே வரவேண்டும் என்பதற்கு 1908இல் அட்டவணை வகுத்தவர்களுள் ஒருவரான ஜே. எஸ். ஹால்டேனின் மகன் அவர், மார்க்சியச் சிந்தனையாளர், 1957இல் இந்தியாவிற் குடியேறி 1964இற் புவனேசுவரத்தில் மறைந்தவர். மூடிய உருக்கு அறையினுள் தாமே பல மணிநேரம் அமர்ந்து, காற்றுக் கெடக் கெட உடலும் சிந்தனையும் எவ்வாறு தளர்கின்றன என்பதை அவர் அளந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரிற் சர்வதேசப் படையணியில் நின்று போரிட்டோர் சிலரும் அச்சோதனைக்குத் தம்மை உட்படுத்தினர். எஞ்சிய காற்றின் கணக்கு இங்கு முதன்முறையாகத் தொழிலாளரின் சார்பிற் கேட்கப்பட்ட கேள்வியாயிற்று எனலாம். நீதி கிடைத்ததா என்பது வேறு விடயம். மாண்டோரின் குடும்பத்தினர் தொடர்ந்த வழக்கு 1946இற் பிரபுக்கள் சபையில் அவர்களுக்கு எதிராக முடிந்தது.

7

அளக்கும் கருவி எங்கும் கிடைக்கும் இக்காலத்திலும் அது எல்லார் கையிலும் இல்லை. மத்திய அமெரிக்காவில் ஹொண்டுராசின் கரீபியக் கரையில் வாழும் மிஸ்கித்தோ மக்கள், ஏற்றுமதிக்கான சிங்க இறாலைச் சிலிண்டருடன் மூழ்கி எடுக்கின்றனர். அமுக்கமானியோ ஆழமானியோ இல்லாத பழுதான கருவிகளுடன், நாளொன்றிற் பல சிலிண்டர்கள் தீரும்வரை ஆழத்தில் மூழ்கவேண்டியிருந்தமை ஆவணங்களிற் பதிவாகியுள்ளது. மேலே சிறு ஓடத்தில் ஒருவர் நீர்க்குமிழிகளைப் பின்தொடர்ந்து துடுப்பு வலிக்கின்றார். மூச்சு இழுக்கக் கடினமாகும்போதே காற்று முடிந்ததென்று கீழிருப்பவர் அறிகின்றார். அப்போது ஒரே மூச்சில் மேலே விரைவதைத் தவிர வேறு வழியில்லை. அவ்விரைவில் இரத்தத்திற் கரைந்த நைதரசன் குமிழிகளாகி முதுகுத்தண்டைத் தாக்குகின்றது. பலர் கால் இழந்தவர்போல் முடங்கினர், பலர் மாண்டனர். பாதிக்கப்பட்ட 42 பேர் பற்றிய வழக்கில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, ஹொண்டுராஸ் அரசின் பொறுப்பைப் பதிவு செய்தது. கம்பனிகளைக் கண்காணிக்க வேண்டிய அரசின் கடமையும் அதில் வலியுறுத்தப்பட்டது.

இங்கே கருவி இல்லாமையைத் தொழினுட்பப் பின்னடைவு என விளக்குதல் பொருந்தாது. அதே இறாலை உண்ணும் நாட்டில், பொழுதுபோக்குக்காக மூழ்குவோரின் ஒவ்வொரு சிலிண்டரிலும் மானி உண்டு. எடுத்த இறாலின் நிறைக்கே கூலி என்றிருக்கும்போது, காற்றின் அளவை அறிதல் கூலியைக் குறைக்கும் அறிவாகவே முதலாளிக்குத் தோன்றும். மன்னாரின் மூன்றிலொரு பங்குக்கும் இந்நிறைக் கூலிக்கும் தர்க்கம் ஒன்றே.

நமது கரைகளுக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. 1956இல் ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் நீரடிக் காட்சிகளை நாடி இலங்கைக்கு வந்த காலத்திற் சிலிண்டருடன் மூழ்கல் ஒருசிலரின் சாகசமாக இருந்தது. இன்று வடக்கிலும் வடமேற்கிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் அது பலரின் வயிற்றுப்பிழைப்பு. உலர்த்திய அட்டை கிழக்காசியச் சந்தைகளுக்குச் செல்கின்றது. அத்தொழிலிற் காற்றின் அளவை அறிபவர் யார், மேலே படகில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையே உள்ள உறவு கூலி உறவா, கூட்டாளி உறவா, இரத்த உறவா என்பவை முறையாக ஆராயப்பட வேண்டியவை. மன்னார் முதியோரின் நினைவிற் கயிறு பிடித்தல் பற்றியும் இழுப்புச் சைகைகள் பற்றியும் எஞ்சியிருப்பவற்றைத் தொகுத்தல் நாட்டாரியல் ஆர்வத்தால் மட்டும் செய்யப்பட வேண்டியதன்று. கண் பயன்படாத நீரில் உயிரைக் காத்த ஒரு தொழிலறிவின் ஆவணம் அது.

இக்கட்டுரையின் வாதத்தைப் பின்வருமாறு சுருக்கலாம். எஞ்சிய காற்றின் அளவு ஓர் எண் என்பதோடு ஓர் உறவுமாகும். கயிறு பிடித்தவரும், பம்பி சுழற்றியவரும், குகையில் ஒதுக்குப் பங்கைச் சுமந்த தோழரும், நீர்க்குமிழியைத் தொடர்ந்த ஓடக்காரரும் அவ்வுறவின் வெவ்வேறு வடிவங்கள். மானி அவ்வுறவுக்கு மாற்றாகாது. அதற்குத் துணையாகவே அமையும். ஆயினும் மானியைக் கொடாமல் உறவை மட்டும் புகழ்வது சுரண்டலுக்கே துணைபோகும். கீழே இருப்பவன் தன் காற்றின் அளவைத் தானே அறியவும், அறிந்ததும் கூலி இழப்பின்றி மேலே வரவும் உரிமை பெற வேண்டும். அவ்விரண்டாவது உரிமை இல்லாதவிடத்து முதலாவது பயன்படாது என்பதையே மன்னார் முதல் மிஸ்கித்தோக் கரை வரையான வரலாறு உணர்த்துகின்றது.